அம்மன் பேனரில் ஒரு வளையம்

அடையாற்றின் கரையில், கோட்டூர்புரம் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு நாகாத்தம்மன் இருக்கிறாள். கோயில் சின்னது. ஒரு ஆட்டோ உள்ளே போனால் அம்மன் வெளியே வந்துதான் இடம் கொடுக்க வேண்டும். ஆடி மாதம் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு ராஜமரியாதை. அன்றைக்குக் கோயில் இருக்கிற சந்தின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பேனர் நிற்கும். அதில் அம்மனுக்குப் பின்னால், மற்ற இடங்களில் தீச்சுவாலை வரைகிற இடத்தில், இங்கே ஒரு நெபுலா, அதாவது வானத்தில் ஒளிர்கிற வாயு மேகம், இருக்கும். நடுவில் பச்சையும் நீலமுமாய் ஒரு பந்து, அதைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம்.

அந்த வளையத்தை உலகத்துக்குக் காட்டியவள் இதே சந்தில் பிறந்த அன்புக்கரசி. வானியல் படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலையில் இருக்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய கட்டுரை வெளியாகி, பேப்பரில் அவள் படமும் வந்தபோது சந்துக்குத் தலைகால் புரியவில்லை. அவளுடைய மாமன் மகன் விக்கி, மயிலாப்பூரில் ஒரு பிரின்டிங் கடையில் பேனர் டிசைன் பண்ணுகிறவன். அந்த ஆடிக்கே அவன் நெபுலாவைத் தூக்கி அம்மனுக்குப் பின்னால் வைத்துவிட்டான். நம்ம பொண்ணு கண்டுபிடித்தது நம்ம ஆத்தாவுக்கு இல்லாமல் வேறு யாருக்கு என்று கேட்டான்.

அன்புக்கரசிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. வளையத்துக்கு வெளியே கறுப்பாகக் கிடந்த இடம் முழுக்க விக்கி சந்துக்காரர்களின் தலைகளை வரிசையாக ஒட்டியிருந்தான். கூலிங்கிளாஸ் போட்ட தலை, கும்பிடு போடுகிற தலை, போன வருஷம் செத்துப்போய் மாலை போட்ட தலை, எல்லாம் கலந்து.

"அது வானம்டா. ஒண்ணும் இல்லாத எடம். அதுல போய்த் தலையா ஒட்டி வெச்சிகீறியே?"

"ஒண்ணும் இல்லாத எடத்துலதான்க்கா ஒட்ட முடியும். ஆத்தா மூஞ்சி மேலயா ஒட்டச் சொல்ற?"

அவனோடு பேசி ஜெயிக்க இன்னொருவன் பிறக்க வேண்டும். பிறகு கரையில் பாதிப் பேரை வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஊர்க்கோடியில் பெரும்பாக்கத்து அரசாங்க அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். அன்புக்கரசியின் அப்பா கோதண்டபாணியும் அம்மா தேவானையும் அங்கே எட்டாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் பேனரில் தலைகள் இன்னும் கூடின. வீடு போனவர்கள்தான் முதலில் போட்டோ அனுப்பினார்கள். வருஷா வருஷம் ஆடிக்குப் பஸ் பிடித்து வந்து, பேனரில் தன் முகம் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் கூழுக்கு வரிசையில் நிற்பார்கள்.

எல்லாத் தலைகளுக்கும் பெரிய தலையாக முதல் நாலு வருஷம் அன்புக்கரசி இருந்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளே விக்கியைக் கூப்பிட்டு, என் படத்தை எடுத்துவிடு என்றாள். ஏன் என்று கேட்டான். சும்மா என்றாள்.

சும்மா இல்லை. காரணத்தின் பெயர் நஸ்ருன்னிசா.

நஸ்ருன்னிசா ராயப்பேட்டைக்காரி. இரண்டு பேரும் எம்.எஸ்ஸி.யில் ஒரே பெஞ்ச். ஒருத்தி டப்பாவில் கருவாட்டுக் குழம்பு வந்தால் இன்னொருத்தி டப்பாவில் பிரியாணி வரும், மாற்றிக்கொள்வார்கள். படிப்பு முடிந்து அவள் பெங்களூரில் வேலைக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதினாள். அதன் சாரம் இதுதான்: அன்புக்கரசி கண்ட வளையம் வானத்தில் இல்லை. நெபுலாவின் நடுவில் இருக்கிற நட்சத்திரம் மிகப் பிரகாசமானது. அதன் வெளிச்சம் கேமராவின் கண்ணாடிகளுக்குள்ளேயே முட்டி, திரும்பி, வளையம் மாதிரி ஒரு பொய்ப் பிம்பத்தை உண்டாக்குகிறது. இதற்குத் தொழிலில் பேய் என்றே பெயர். ஆக, நஸ்ருன்னிசா சொன்னது சரியென்றால் ஆறு வருஷமாக நாகாத்தம்மனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது ஒரு பேய்.

கட்டுரை வெளிவருவதற்கு முந்தின நாள் நஸ்ருன்னிசா போன் பண்ணினாள். அன்புக்கரசி எடுக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது. பிறகு இரண்டு பேரும் தனித்தனியாக, ஹவாய்த் தீவில் ஒரு மலையுச்சியில் இருக்கிற பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பித்தார்கள். நேரம் ஒதுக்குகிற குழுவுக்கு யார் வழக்கும் முக்கியமில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாதி ராத்திரி எடுத்துக்கொண்டு சண்டையைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பாதி ராத்திரி கூழ் வார்க்கிற ஞாயிறு மத்தியானத்தில் வந்து விழுந்தது. ஹவாயில் சூரியன் மறைந்து இருட்டும்போது சென்னையில் மறுநாள் உச்சி வெயில். அன்றைக்குக் காலையில் தேவானை போன் பண்ணி மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நைட்டு வேலன்னு சொல்ற, பட்டப்பகல்ல போறேன்ற. இன்னா வேல அது?"

"அம்மா, அங்க அப்ப ராத்திரி."

"அவங்க ராத்திரிக்கு நீ இன்னாத்துக்கு முழிச்சிகினு கீற? ஆத்தாவுக்குக் கூழ் ஊத்துற நேரத்துல வூட்டுப் பொண்ணு இல்லன்னா நாலு பேர் கேக்க மாட்டாங்களா?"

"சாயங்காலம் வந்துடறேம்மா."

"வா. உனக்கு ஒரு சொம்புல எடுத்து வெக்கறேன். நைனா உன் வளையத்தப் பத்தி புதுசா வந்தவங்களுக்கெல்லாம் சொல்லிகினு கீறாரு."

அன்புக்கரசி போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வளையம் பேய் என்று தெரிந்தால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது அவமானம்தான், ஆனால் எழுதிவிடலாம். கோதண்டபாணி முன்னால் போய் நின்று, நைனா அது இல்லை என்று சொல்ல வேண்டுமே.

நிறுவனத்தின் இரண்டாவது மாடியில் திரை போட்ட ஓர் அறையில் நாலு பெரிய கணினித் திரைகள். நஸ்ருன்னிசா முந்தின நாளே பெங்களூரிலிருந்து வந்து அம்மா வீட்டில் தங்கி, அங்கிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

பதினைந்து வருஷம் 'வாடி, போடி' என்று கூப்பிட்ட வாயிலிருந்து 'நீங்க' வந்தது. அன்புக்கரசிக்குச் சுருக்கென்றது. விடுவாளா அவள்? "இருக்கேங்க, உக்காருங்க," என்று தானும் ஒரு 'ங்க' போட்டுத் தொலைத்தாள்.

ஹவாயிலிருந்து தொலைநோக்கியை இயக்குகிற பெண் ஒரு திரையில் வந்து வணக்கம் சொன்னாள். அவளுக்கு இன்னும் சனிக்கிழமை. மேகம் இல்லை, நிலா இல்லை, காற்று சாது என்று சொன்னாள். எட்டு மீட்டர் அகலக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற இரும்பு, நிறுவனத்தின் இந்த அறையே நாலைந்து உள்ளே போகும் அளவு பெரியது, சத்தமில்லாமல் திரும்புகிறதைச் சின்னப் படமாக ஒரு மூலையில் பார்க்க முடிந்தது. கருவிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க முதலில் வானத்தின் வேறொரு பக்கத்தில் ஒரு பரிசோதனைப் படம் எடுத்தார்கள். அப்புறம் நெபுலா.

இதை ஆங்கிலத்தில் 'பிளானட்டரி நெபுலா', அதாவது கோள் நெபுலா என்பார்கள். கோளுக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பழைய சின்னத் தொலைநோக்கிகளில் கோள் மாதிரி உருண்டையாகத் தெரிந்ததால் அந்தப் பெயர், அவ்வளவுதான். உண்மையில் இது ஒரு நட்சத்திரத்தின் கடைசிக் காலம். நம் சூரியனைப் போல ஒன்று, எரிய வேண்டியதெல்லாம் எரிந்து தீர்ந்தபின், தன் உடம்பை அடுக்கடுக்காகக் கழற்றி வெளியே விட்டுவிடும். விட்ட வாயு, நடுவில் மிச்சமிருக்கிற, வெள்ளையாகக் கொதிக்கிற சின்ன நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் ஒளிரும். சில ஆயிரம் வருஷம் ஒளிர்ந்துவிட்டு வெளியில் கலந்து போகும். அப்படிக் கலந்து போனதிலிருந்துதான் பின்னால் பிறக்கிற நட்சத்திரங்களுக்கும், மண்ணுக்கும், மனுஷ உடம்புக்கும் கார்பன் என்கிற கரி வருகிறது.

முதல் படம் இறங்க நேரம் பிடித்தது. பச்சை ஒளியை மட்டும், அதுவும் ஆக்சிஜன் விடுகிற அந்த ஒரே பச்சையை மட்டும், உள்ளே விடுகிற வடிகட்டி போட்டிருந்தார்கள். படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும், நிறம் பிறகு கொடுப்பது. திரையில் மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கியது.

இவ்வளவு கூர்மையாக இந்த நெபுலாவை அவர்கள் இரண்டு பேரும் பார்த்ததில்லை. பந்து என்று நினைத்தது பந்து இல்லை, நூல் நூலாகப் பிரிந்த ஒரு திரைச்சீலை. உள்ளே நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு வால், எல்லா வாலும் நடு நட்சத்திரத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்து. இந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது அடையாற்றங்கரையில் குடிசை இல்லை, மயிலாப்பூரில் கோயில் இல்லை, சென்னை என்று சொல்ல ஒரு வாய் இல்லை. அத்தனை காலம் வழியில் எதிலும் இடிக்காமல் வந்து, இப்போது ஒரு கண்ணாடியில் விழுந்து, கடலுக்கு அடியில் கம்பி வழியாக ஓடி இந்த அறைக்கு வந்திருக்கிறது. அன்புக்கரசிக்கு எத்தனை தடவை பார்த்தாலும் இது பழகவில்லை.

"அல்லாவே," என்று நஸ்ருன்னிசா தனக்குள்ளே சொன்னாள்.

பந்துக்கு வெளியே, பிசிறில்லாமல், வளையமும் இருந்தது.

"இருக்கு," என்றாள் அன்புக்கரசி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"இருக்கும்," என்றாள் நஸ்ருன்னிசா மெதுவாக. "பேய் இந்தக் கேமராவுலயும் வருங்க. இப்ப நகர்த்திப் பாக்கலாங்களா?"

சோதனை எளிமையானது. தொலைநோக்கியைக் கொஞ்சம் திருப்பி, நட்சத்திரத்தைப் படத்தின் நடுவிலிருந்து ஓர் ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வளையம் நிஜமானால் நட்சத்திரத்தோடு சேர்ந்தே நகரும். பேயானால் கண்ணாடிக்குள் முட்டித் திரும்புகிற வெளிச்சம் எதிர்ப்பக்கம் போகும். ஆறு வருஷத்துக்கு முன்னால் சின்னத் தொலைநோக்கியில் இதைச் செய்துபார்க்க அன்புக்கரசிக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. அப்படித்தான் இத்தனை நாளும் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

படம் இறங்கத் தொடங்கியபோது அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கீழே ரோட்டில் எந்தக் கோயிலுக்கோ வேப்பிலை கட்டிய ஒரு மினி லாரி உடுக்கைச் சத்தத்தோடு போனது. நட்சத்திரம் இடது ஓரத்தில் வந்து நின்றது. நெபுலா அதோடு வந்தது. வளையம் வலது பக்கம் போய், காலி இடத்தில், யாருக்கும் சொந்தமில்லாமல் தனியாக நின்றது.

நஸ்ருன்னிசா திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று முகத்தில் ஒரு கோடு ஓடினால்கூட அன்புக்கரசி பார்த்திருப்பாள். ஓடவில்லை. நஸ்ருன்னிசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவில் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் சரி," என்றாள் அன்புக்கரசி.

"அன்பு..."

"பேய்தான். தெளிவாத் தெரியுதே."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பேனரில் நைனா புதுசாக வந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிற வளையம் இது. எத்தனை கற்பூரம் அதன் முன்னால் எரிந்திருக்கும்.

அவள் வந்து உட்கார்ந்ததும் நஸ்ருன்னிசா சொன்னாள்: "இன்னும் நேரம் இருக்கு. கேமராவச் சுத்தித் திருப்பி வேற கோணத்துல ஒருவாட்டி எடுத்துப் பாரு. மிச்ச நேரம் முழுக்க உன்னோடது. நான் எதுவும் கேக்கல."

அது பெரிய மனசு. இந்தத் தொழிலில் பெரிய தொலைநோக்கியின் நேரத்தை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அன்புக்கரசி தலையாட்டினாள். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், வந்த படங்களைக் கழித்துச் சுத்தம் பண்ண ஆரம்பித்தாள்.

கழிப்பது என்றால் வானத்தைக் கழிப்பது. எவ்வளவு இருட்டான மலையுச்சியிலும் வானம் முழுக் கறுப்பு இல்லை, தனக்கென்று லேசான வெளிச்சம் வைத்திருக்கும். அதனால் பக்கத்திலேயே ஒன்றும் இல்லாத ஓர் இடத்தையும் படம் எடுத்து, அந்த அளவைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது பொருளின் ஒளி. வெற்று வானத்தைப் படம் எடுக்கப் பொன்னான நேரத்தில் பாதி போய்விடும் என்பதால் சிலர் படத்தின் மூலையையே வெற்று வானமாக வைத்துக்கொள்வார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அன்புக்கரசியும் அப்படித்தான் செய்தாள். இன்றைக்கு நஸ்ருன்னிசா பிடிவாதமாக, தள்ளிப் போய் வெற்று வானம் ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லி எடுத்திருந்தாள்.

கணக்கு உதைத்தது.

வெற்று வானம் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது. ஆரம்பத்தில் வேறு பக்கத்தில் எடுத்த பரிசோதனைப் படத்தில் வானம் எவ்வளவு இருட்டோ அவ்வளவு இருட்டு இங்கே இல்லை. வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். சின்னத் தொலைநோக்கியில் தெரிந்தே இருக்காது.

"மேகமா?" என்றாள்.

நஸ்ருன்னிசா ஹவாயைக் கேட்டாள். மேகம் இல்லை என்று பதில் வந்தது. நிலா இல்லை. அந்தி வெளிச்சம் எப்போதோ போய்விட்டது.

"வடிகட்டிய மாத்திப் பாப்போம். பக்கத்துப் பச்சை. ஆக்சிஜன் இல்லாதது," என்றாள் நஸ்ருன்னிசா.

மாற்றிப் பார்த்தார்கள். வெளிச்சம் போய்விட்டது, அங்கும் இங்கும் ஒரே இருட்டு. கேமராவின் பேயாக இருந்தால் இந்தப் பச்சையிலும் தெரிய வேண்டும். பழைய வடிகட்டியைத் திரும்பப் போட்டார்கள். அதே இடத்தில் வெளிச்சம் வந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வெற்று வானம் என்று தள்ளி வந்து நின்ற இடத்திலும் அந்த நட்சத்திரத்தின் வாயுதான் இருந்தது.

"கேமராவச் சுத்த வேணாம். என் வளையம் போகட்டும்," என்றாள் அன்புக்கரசி. "மிச்ச நேரத்துக்கு வெளிய போலாம். இது எங்க முடியுதுன்னு பாக்கணும்."

"நிச்சயமா?"

"போலாம் நஸ்ரு."

தொலைநோக்கி நெபுலாவை விட்டுவிட்டு இருட்டைப் பார்க்கத் திரும்பியது. ஹவாயில் இருக்கிறவள் ஒருமுறைக்கு இருமுறை கேட்டாள், குறித்துக் கொடுத்த இடத்தில் ஒன்றுமே இல்லையே, சரியான இடம்தானா என்று. சரியான இடம்தான் என்றார்கள். ஒரு படம் தள்ளிப் பார்த்தார்கள், இருந்தது. இன்னும் ஒரு படம் தள்ளினார்கள், இருந்தது. இன்னும் தள்ளினார்கள். மெலிந்துகொண்டே, ஆனால் விடாமல், அந்தப் பச்சை இருந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் நஸ்ருன்னிசா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். பிறகு ஓர் இடத்தில் சட்டென்று இறங்கி, உண்மையான இருட்டு வந்தது. எதிர்ப்பக்கம் ஓடினார்கள். அங்கேயும் கிட்டத்தட்ட அதே தூரத்தில் முடிந்தது.

அன்புக்கரசி ஒரு தாளில் வட்டம் போட்டாள். அவர்கள் இத்தனை வருஷம் பார்த்து, சண்டை போட்ட நெபுலா அந்த வட்டத்தின் நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை அளவு இருந்தது. மற்றதெல்லாம் அந்த நட்சத்திரம் பல்லாயிரம் வருஷத்துக்கு முன்பே மெல்ல மெல்ல வெளியே விட்டது. கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் முழுநிலாவுக்குக் கொஞ்சம்தான் குறைவான அகலத்தில், மொட்டை மாடியில் படுத்துக் கிடக்கிறவர்கள் எல்லாரும் தினம் பார்த்திருப்பார்கள்.

பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் என்ன பெயரோ அது அவளுக்கு வந்தது. இவ்வளவு பெரியது அங்கே இருந்திருக்கிறது. யாரும் பார்க்காவிட்டாலும், யாரும் பெயர் வைக்காவிட்டாலும், அதன்பாட்டுக்கு இருந்திருக்கிறது.

"நஸ்ரு, என் பழைய படத்துல இது இருந்திச்சு," என்றாள் கடைசியில். "ஓரத்துலயும் இதான், மூலையிலயும் இதான். நான் மூலைய வானம்னு நெனச்சு மொத்தத்துலருந்தும் கழிச்சேன். இத்தத் தொடச்சிப் போட்டுட்டு, பேயப் புடிச்சி வெச்சிகினேன்."

"நான் மட்டும் இன்னாடி?" என்றாள் நஸ்ருன்னிசா. "உன் படத்த வெச்சித்தான நானும் எழுதினேன். நானும் அதே மூலையத்தான் கழிச்சேன். பேய மட்டும்தான் கண்டுபுடிச்சேன்."

'டி' வந்துவிட்டது. அன்புக்கரசி அதைக் கேட்டும் கேட்காததுபோல் இருந்தாள். அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொன்னால் இரண்டு பேருமே அழுதிருப்பார்கள்.

ஹவாயில் நள்ளிரவு தாண்டி அடுத்த குழு வந்து உட்கார்ந்தது. இங்கே ரோட்டில் வெயில் தணிந்திருந்தது. அன்புக்கரசி பையை எடுத்துக்கொண்டு, "கூழ் குடிக்க வர்றியா?" என்றாள்.

"கருவாடு உண்டா?"

"இல்லாமயா?"

ஆட்டோவில் போகும்போது அன்புக்கரசிக்குக் கலக்கம் திரும்ப வந்தது. கண்டுபிடித்தது பெரிசுதான். ஆனால் நைனாவுக்கு நிலா அளவுக்கு விரிந்த வெளிச்சம் புரியுமா? அவருக்குத் தெரிந்தது வளையம். வளையத்தைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, பதிலுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கொடுத்தால் யார் வாங்கிக்கொள்வார்கள்?

சந்து வாசலில் பேனர் நின்றது. அண்டா காலியாகி, வேப்பிலை காலில் மிதிபட்டுக் கிடந்தது. கோதண்டபாணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தேவானை சொம்போடு வந்தாள். நஸ்ருன்னிசாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "பிரியாணிப் பொண்ணு தான நீ? எம்மா வருசமாச்சி. உக்காரு, உக்காரு," என்று கையில் ஒரு டம்ளரைத் திணித்தாள்.

தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று அன்புக்கரசிக்குத் தெரியும். நின்றபடியே சொன்னாள்.

"நைனா. அந்த வளையம் நெசம் இல்ல நைனா. கேமராக்குள்ள வெளிச்சம் அடிச்சி வந்த பொய். இன்னிக்குப் பாத்துட்டோம். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

விக்கி மைக் செட் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். கோதண்டபாணி பேனரை ஒரு தடவை பார்த்தார், மகளை ஒரு தடவை பார்த்தார்.

"அப்ப ஆத்தாவுக்குப் பின்னால இன்னா கீது?" என்று கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்புக்கரசி பதில் சொல்லப் பேனர் பக்கம் திரும்பினாள். பந்து இருந்தது, வளையம் இருந்தது. வளையத்துக்கு வெளியே கறுப்பு இருந்தது. கறுப்பு முழுக்கத் தலைகள். பெரும்பாக்கத்துக்குப் போனவர்கள், கண்ணகி நகருக்குப் போனவர்கள், எங்கேயும் போகாமல் ஆற்றோரமே கிடப்பவர்கள், செத்துப்போய் மாலை போட்டவர்கள். அவள் ஆறு வருஷமாக ஒன்றும் இல்லாத இடம் என்று திட்டிய இடம்.

கிட்டே போய், கையை விரித்து, பேனரின் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் காட்டினாள்.

"இது பூரா கீது நைனா. இந்தக் கறுப்பு பூரா. அந்த நட்சத்திரம் எப்பவோ வுட்ட மூச்சு, இதுவரைக்கும் வந்து நிக்குது. வெறும் எடம்னு நாங்கதான் தொடச்சிப் போட்டுட்டோம். வெறும் எடம் இல்ல. நீங்கல்லாம் அதுக்கு உள்ளதான் கீறீங்க."

தேவானை சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து, பேனரின் வலது ஓரத்தில், கடைசி வரிசையில், ரேஷன் கார்டுக்கு எடுத்த தன் முகத்தை விரலால் தொட்டாள்.

"நான்கூட உள்ள கீறனா?"

"நீதாம்மா ஓரத்துல கீற. அதுவரைக்கும் வருது."

நஸ்ருன்னிசா டம்ளரைக் கையில் பிடித்தபடி, "நெசந்தாம்மா," என்றாள். "நானும் பாத்தேன்."

கோதண்டபாணி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். பேனரின் முன்னால் நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு அம்மனைக் கும்பிடுகிற மாதிரியே, ஆனால் கொஞ்சம் விலகி, கறுப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

விக்கி மெதுவாகக் கேட்டான். "அப்ப அடுத்த வருஷத்துக்கு இன்னாக்கா பண்றது?"

"வளையத்த எடுத்துரு. மத்ததுல கைய வெக்காத."

"தலைங்க?"

"இருக்கட்டும்."

அவள் போனை எடுத்து, எதையோ தேடி, அவனுக்கு ஒரு படம் அனுப்பினாள். விக்கியின் போன் சிணுங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே பேனரிலிருந்து எடுக்கச் சொன்ன அதே படம்.

"இத்தையும் ஒட்டு," என்றாள் அன்புக்கரசி. "பெருசா வேணாம். அம்மா பக்கத்துல, ஓரத்துல எடம் இருந்தா போடு."